அம்மாவின் முடக்குவாதத்துக்கு டிரிப்டோபன் மாத்திரை தரலாமா?

வணக்கம் சகோ. மன்னார்குடியில் இருக்கும் அம்மாவின் முடக்குவாதத்துக்கு (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) டிரிப்டோபன் மாத்திரை வாங்கித் தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். டிரிப்டோபன் என்பது புரத உணவில் இருக்கும் ஓர் அமினோ அமிலம். தயவுசெய்து வேண்டாம்.

எதிர்ப்புச் சக்தியை அடக்குவதில் டிரிப்டோபனுக்குப் பங்கு உண்டு என்று நீங்கள் படித்த அடிப்படை சரிதான். ஐடிஓ என்ற நொதி டிரிப்டோபனைச் சிதைத்துக் கைனுரெனின் ஆக்குகிறது. டிரிப்டோபன் வற்றிய இடத்தில் தாக்கும் டி செல்கள் (எதிர்ப்புச் சக்தி தரும் ஒருவகை வெள்ளை அணுக்கள்) பெருகாமல் நிற்கும். கைனுரெனின் அவற்றை அடக்கும் டி செல்களை வளர்க்கும். 1998இல் கருவுற்ற எலிகளில் அந்த நொதியைத் தடுத்தபோது, வேறு எலி ரக ஆணின் கருவைத் தாயுடல் நிராகரித்தது. எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்!

ஆனால் அங்கே எதிர்ப்புச் சக்தி அமைதியாவது டிரிப்டோபன் செலவாவதால். கூடுதலாக விழுங்கினால் அதே பலன் வராது. 1989இல் அமெரிக்காவில் இந்த மாத்திரை சாப்பிட்ட பலருக்குக் கடும் தசைவலி நோய் வந்தது, சிலர் இறந்தும் போனார்கள்.

உடலுக்குத் தேவையான டிரிப்டோபனுக்கு மீன், முட்டை, சம்பாவுக்கு அப்புறம் வயலில் விளையும் உளுந்து போதும். டாக்டர் எழுதிய மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.