சலமாங்காவில் முதல் பருவம்: ஸ்பானிய இலக்கியம் படிக்க வந்த தங்கைக்கு

உன் கேள்வியைச் சுருக்கி முதலில் போட்டுவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். "அக்கா, ஸ்பெயினில் சலமாங்காவுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஊரிலேயே ஸ்பானிய மொழியின் பி2 நிலைத் தேர்வில் தேறிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் வகுப்பில் பாதிகூடப் புரியவில்லை. இடைக்கால இலக்கியத்தில் ஒரு வரிகூட நகரவில்லை. இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று வீட்டில் தினமும் கேட்கிறார்கள். சுற்றுலாப் படிப்புக்கு மாறிவிடட்டுமா?"

மாறாதே. ஜனவரித் தேர்வு முடியும்வரையாவது அந்த எண்ணத்தைத் தள்ளிவை.

நானும் நம் மொழி, இலக்கியப் புலம் இருக்கும் அதே அனயா மாளிகையில், புதிய பேராலயத்துக்கு எதிரே, நான்கு வருடம் 240 கிரெடிட் முடித்தவள்தான். 2009 செப்டம்பரில் நாகர்கோவிலிலிருந்து வந்தேன். அந்த வருடத்து நோட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. பக்கத்துக்குப் பக்கம் பாதி வரி வெற்றிடம். பேராசிரியர் சொன்னது காதில் விழாத இடமெல்லாம் கோடு போட்டு விட்டிருக்கிறேன். அந்தக் கோடுகள் குறைய ஆரம்பித்தது பிப்ரவரிக்குப் பிறகுதான். உனக்கும் ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும்.

இன்னொன்று. உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்பானியப் பிள்ளைகளுக்கு எல்லாம் புரிகிறது என்று நினைத்துக்கொண்டு தவிக்காதே. பேச்சு அவர்களுக்குப் புரியும். 13ஆம் நூற்றாண்டுப் பாட்டு அவர்களுக்கும் புரியாது. நம் ஊரில் பிளஸ் டூ பையனிடம் குறுந்தொகையை உரை இல்லாமல் கொடுத்தால் எப்படி விழிப்பானோ அப்படித்தான் அவர்களும் விழிக்கிறார்கள். பழைய நூலின் முன் நீங்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே படியில்தான் நிற்கிறீர்கள்.

சரி, நான் செய்த பெரிய தவறைச் சொல்கிறேன். முதல் வருடம் முழுக்க ஸ்பானிய வாக்கியத்தை மனசுக்குள் ஆங்கிலமாக்கி, அப்புறம்தான் புரிந்துகொண்டேன். இரட்டை வேலை, அதுவும் வீண் வேலை. 'மெ குஸ்தா' என்பதைப் பார். ஆங்கிலத்தில் யோசித்தால் தலைகீழாகத் தெரியும். தமிழில் அது வெறும் 'எனக்குப் பிடிக்கும்'. 'மெ துவேலெ எல் பியே' என்றால் 'எனக்குக் கால் வலிக்கிறது'. 'எனக்கு' என்று நாம் தொடங்கும் இடத்தில்தான் அவர்களும் தொடங்குகிறார்கள். 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்லாமல் வினையின் விகுதியிலேயே ஆளைக் காட்டுவதும் நமக்குப் பழக்கமானதுதான்.

உச்சரிப்பிலும் நமக்கு லாபம். அவர்களுடைய 't' நம் 'த', ஆங்கிலத்து 'ட' இல்லை. 'நாதா' என்ற சொல்லில் வரும் 'd', நாம் 'அது' என்று சொல்லும்போது வருகிற அந்த மெல்லிய 'த'வுக்குப் பக்கத்தில் நிற்கிறது. 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய். ரகரத்தையும் றகரத்தையும் பிரித்துப் பேசும் எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது ஒரு நாள் பாடம்.

மொழி வரலாறு என்ற பாடம் அடுத்து வரும். பலர் அதற்குப் பயப்படுவார்கள். எனக்கு அங்கேதான் முதல் முறையாகத் தரை கிடைத்தது. ஸ்பானியத்தின் தாயான லத்தீனில் சொல் முதலில் இருந்த 'ஃப' காஸ்டிலிய மொழியில் (ஸ்பானியத்தின் இன்னொரு பெயர்) 'ஹ' ஆகி, பிறகு ஒலியே இல்லாமல் போனது. ஃபரீனா என்ற மாவு 'அரினா' ஆனது, ஃபூமு என்ற புகை 'உமோ' ஆனது. கரும்பலகையில் அதைப் பார்த்ததும் எனக்குக் கன்னடம் நினைவுக்கு வந்தது: பால் ஹாலு, பூ ஹூவு. அதே மாதிரிதான் லத்தீனின் 'கிளாவெ' ஸ்பானியத்தில் 'யாவே' ஆனது, போர்த்துகீசியத்தில் 'சாவெ' ஆனது. அந்தப் போர்த்துகீசியச் சொல்தான் நம் வீட்டுச் சாவி. எங்கள் கோட்டாறு சவேரியாரும் அப்படித்தான். இன்றைய ஸ்பானியர்கள் அவரை 'ஹவியேர்' என்பார்கள், அவர் பிறந்த நவாராவின் கோட்டைக்கும் அதே பெயர். ஆனால் 1540களில் அவர் எங்கள் கடற்கரைக்கு வந்தபோது காஸ்டிலியத்தில் அவர் பெயரின் முதல் எழுத்துக்கு 'ஷ' ஒலிதான். போர்த்துகீசியரிடம் இன்னும் அந்த ஒலி இருக்கிறது. அவர்கள் வழியாக வந்த பெயரைத்தான் நாம் சகரத்தில் பிடித்து வைத்திருக்கிறோம். இதைத் தேர்வில் எழுதினேன். பேராசிரியர் கூப்பிட்டு, இன்னும் இப்படி என்னவெல்லாம் தெரியும் என்று கேட்டார்.

இப்போது உன்னை வாட்டும் இடைக்கால இலக்கியம். ஹார்ச்சாக்களை ஆரம்பித்துவிட்டார்களா? முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயின் பகுதியில் அரபியிலும் எபிரேயத்திலும் எழுதிய நீண்ட கவிதைகளின் கடைசியில், மக்கள் பேசிய மொழியில் இரண்டு மூன்று வரி ஒட்டியிருக்கும். அவற்றுள் சில ஸ்பானியத்துக்கு மிக நெருங்கிய பேச்சில் இருக்கின்றன என்பதை சாமுவேல் ஸ்டெர்ன் 1948இல் படித்துக் காட்டினார். யார் பேசுகிறாள் அந்த வரிகளில்? பெரும்பாலும் ஒரு பெண். அம்மாவிடமோ சகோதரிகளிடமோ பேசுகிறாள்: அம்மா, நான் என்ன செய்வேன், என் அன்பன் வாசலில் நிற்கிறானே என்கிற மாதிரி.

அந்த வகுப்பில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலைவி கூற்று! தாயும் தோழியும் கேட்க, ஆண் புலவர்கள் பெண்ணின் குரலில் எழுதிய அகப்பாட்டை வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். அடுத்த வாரம் வடமேற்கு ஸ்பெயினின் கலீசியப் பக்கத்து 'அமீகோ' (அன்பன்) பாட்டுகள் வந்தன. மார்த்தின் கோதாக்ஸின் பாட்டில் ஒரு பெண் விகோ கடலின் அலைகளிடம், என் அன்பனைப் பார்த்தீர்களா என்று கேட்கிறாள். அகநானூற்றில் ஒருத்தி நண்டிடம் தூது சொல்கிறாள். ஒன்றைப் பார்த்து மற்றது வந்ததில்லை. நடுவே ஆயிரம் வருடமும் ஒரு கண்டமும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பாட்டை எப்படிக் கேட்க வேண்டும், யார் யாரிடம் சொல்கிறார், பக்கத்தில் யார் இருக்கிறார், கடல் ஏன் அங்கே வருகிறது என்றெல்லாம் கேட்க நமக்கு ஏற்கனவே தெரியும். திணை, துறை, கூற்று என்று பள்ளியில் படித்தோமே, அந்தப் பழக்கம்தான். 'கொமெந்தாரியோ தெ தெக்ஸ்தோ' என்று ஒரு பாட்டைக் கொடுத்து விளக்கச் சொல்கிறார்களே, உன்னை அதிகம் பயமுறுத்துவது அதுதானே? கோனார் உரையை மனப்பாடம் செய்வது போல அதைச் செய்ய முடியாது. ஆனால் அந்தக் கேள்விகளிலிருந்து தொடங்கலாம். அசை எண்ணுவதும் அப்படித்தான். ஒரு சொல்லின் கடைசி உயிரும் அடுத்த சொல்லின் முதல் உயிரும் சேர்ந்து ஓர் அசையாகும். வாய்பாடு சொல்லி அலகிட்டுப் பழகியவளுக்கு 8 அசை, 11 அசை எண்ணுவது கஷ்டமே இல்லை.

உரைநடையில் லாசரில்லோவை முதலில் எடு. 1554இல் அச்சானது, ஆசிரியர் பெயர் கிடையாது, மெல்லிய நூல். கண் தெரியாத கிழவருக்கு வழிகாட்டியாகப் போகிற சிறுவனை, இந்தக் கல்காளையில் காதை வை, உள்ளே பெரிய சத்தம் கேட்கும் என்று சொல்லி, அவர் அவன் தலையை அதில் மோதுவார். அந்தக் காளை ரோமானியப் பாலத்தருகே இன்றும் நிற்கிறது. முதல் அத்தியாயத்தை அகராதியோடு மூன்று நாள் படித்துவிட்டு, நான்காம் நாள் அங்கே போய் வாய்விட்டுப் படி.

லத்தீன் அமெரிக்க இலக்கியம் வரும்போது இரண்டு இடங்களுக்கு மனசைத் தயாராக வைத்துக்கொள். ஒக்தாவியோ பாஸ் 1962 முதல் 1968 வரை டெல்லியில் மெக்சிகோ தூதர். அவர் எழுதிய கவிதைகளில் மதுரை உண்டு, ஊட்டி உண்டு, கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் மழை நனைந்த வயல்வெளியில் வண்டி பழுதாகி நிற்பதும் உண்டு. குளிர்காலத்து நூலகத்தில் என் ஊர்ப் பெயரை ஸ்பானியத்தில் பார்த்த அந்த மதியத்தை நான் மறக்கவில்லை.

மற்றது நெரூதா. 1929 வாக்கில் அவர் கொழும்பில் சிலி நாட்டுக் கான்சலாக இருந்தார். அவர் இறந்தபின் 1974இல் வந்த நினைவு நூலில், தன் வீட்டில் கழிவு அள்ள வந்த ஒரு தமிழ்ப் பெண்ணைப் பலவந்தப்படுத்தியதை அவரே எழுதியிருக்கிறார். அவளுக்கு அங்கே பெயர் இல்லை. தமிழ், தாழ்த்தப்பட்ட சாதி, அவ்வளவுதான். 2018இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்க முயன்றபோது சிலிப் பெண்களே இந்தப் பக்கத்தைக் காட்டி எதிர்த்தார்கள். எங்கள் கருத்தரங்கில் அந்தப் பகுதி வந்தபோது, அவள் பேசியது என் மொழி என்று மட்டும் சொன்னேன். அறை அமைதியானது. நீயும் சொல்ல வேண்டியிருந்தால் தயங்காமல் சொல். அவருடைய கவிதையை ஒதுக்கச் சொல்லவில்லை, நானே இன்னும் படிக்கிறேன். ஆனால் அவளைத் தாண்டிப் போகிற வகுப்பில் நீ வாய்மூடி இருக்க வேண்டியதில்லை.

அன்றாட விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேராசிரியர்களுக்கு 'துதோரியா' நேரம் உண்டு, மாணவர்களுக்கென்றே ஒதுக்கியது. வாரம் ஒரு முறை போ. அவர்களை 'தூ' என்று ஒருமையில் அழைக்க நாக்கு கூசும், எனக்கு ஒரு வருடம் கூசியது, அவர்கள் தப்பாக எடுக்க மாட்டார்கள். 10க்கு 5 எடுத்தால் தேர்ச்சி. முதல் பருவத்தில் 5 வந்தால் அழாதே. படிவங்களில் இரண்டு குடும்பப் பெயர் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதையே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுது. ஓர் அலுவலகத்தில் அப்பா பெயரை என் பெயராகப் பதிந்துவிட்டார்கள், திருத்த ஏழு மாதம் ஆனது. 'வெஹெதால்' சான்ட்விச் என்பதில் பெரும்பாலும் சூரை மீன் இருக்கும், நீ சைவம் என்றால் கேட்டு வாங்கு. ஊர் ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, டிசம்பருக்கு முன் நல்ல கோட் வாங்கிவிடு.

வேலை பற்றி வீட்டில் மறைக்காமல் சொல். இங்கே அரசுப் பள்ளி ஆசிரியராக முதுகலையும் போட்டித் தேர்வும் ஐரோப்பியக் குடியுரிமையும் வேண்டும். இந்தியர்கள் குடியுரிமை கேட்க 10 வருடம் வசித்திருக்க வேண்டும், லத்தீன் அமெரிக்கர்களுக்கு 2 வருடம் போதும். மாணவர் விசாவில் இருக்கும் வருடங்கள் அந்தக் கணக்கில் சேராது. அதனால் அந்த வழியை நம்பி உட்காராதே. நான் வெளிநாட்டவருக்கு ஸ்பானியம் கற்பிக்கிறேன், மொழிபெயர்க்கிறேன். பெரிய சம்பளம் இல்லை, கௌரவமாக வாழ்கிறேன். 20 நாடுகளின் ஆட்சிமொழியை இலக்கியம் வரை கற்றவர்கள் நம் ஊரில் குறைவு. தமிழிலிருந்து ஸ்பானியத்துக்கு நேரடியாக, ஆங்கிலம் இல்லாமல், மொழிபெயர்க்கக்கூடியவர்கள் இன்னும் குறைவு. அந்த வேலையை யாராவது செய்ய வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

ஜனவரியில் என்னென்ன பாடம் என்று எழுது. ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணிக்கு வீட்டுக்கு வா, பருப்பும் ரசமும் வைக்கிறேன். என்னிடம் உரையோடு குறுந்தொகை இருக்கிறது. ஹார்ச்சாத் தேர்வு முடியும்வரை நீ வைத்துக்கொள்ளலாம்.