ரோஜாக் கட்டின் கணக்கு: கேள்வி பதில்

ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் பன்னிரண்டு வருடம் ரோஜா போட்டவன் நான். கொய்மலர், அதாவது காம்போடு வெட்டி விற்கிற பூ, அதன் சாகுபடி மண்ணையும் நீரையும் என்ன செய்கிறது என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கவிதா, சேலம்: ஐரோப்பாவுக்குக் கென்யாவிலிருந்து விமானத்தில் பூ போகிறதாமே. நெதர்லாந்திலேயே வளர்த்தால் புகை குறையாதா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகம் 2007-இல் கணக்குப் போட்டது. 12,000 ரோஜாவுக்கு, விமானத்தையும் சேர்த்தே கென்யாப் பூவுக்குச் சுமார் 6 டன் கரியமில வாயு. நெதர்லாந்துப் பூவுக்கு 35 டன்! அங்கே குளிர்காலத்தில் எரிவாயு எரித்துக் கண்ணாடிக்குடிலைச் சூடாக்கணும், விளக்கும் போடணும். கென்யாவின் நைவாஷா நிலநடுக்கோட்டை ஒட்டி, கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயிலும் குளிர்ச்சியும் காசில்லாமல் கிடைக்கும்.

முருகன், திண்டுக்கல்: அந்த நைவாஷா ஏரியை வற்றவைத்ததே ரோஜாதான் என்கிறார்களே?

பாதி உண்மை. அது நன்னீர் ஏரி, 1995 முதல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், இருக்கிறது. கரையோரப் பண்ணைகள் ஏரியிலும் நிலத்தடியிலும் நீர் எடுக்கின்றன. வண்டலையும் உரத்தையும் வடிகட்டிக்கொண்டிருந்த பாப்பிரஸ் கோரையின் பெரும்பகுதி போய்விட்டது. 2009 வறட்சியில் ஏரி மிகவும் இறங்கி, 2010 தொடக்கத்தில் மீன்கள் செத்து மிதந்தன. எல்லோரும் பூப்பண்ணையைக் கைகாட்டினார்கள். ஆனால் ஊரின் சாக்கடை, மேட்டு நிலங்களிலிருந்து அரித்து வரும் மண் எல்லாம் அந்த ஏரியில்தான் சேர்கின்றன. அதே ஏரி 2020-இல் பெருகி வீடுகளுக்குள் புகுந்தது. சரி, அவ்வளவு ஜனம் அங்கே வந்து சேர்ந்தது எதற்காக? பூ வேலைக்காகத்தான்.

ஷாஹின், ஓசூர்: நம்ம ஊர் எப்படி அண்ணா?

குடில் கூரையில் விழும் மழையைப் பண்ணைக்குட்டையில் பிடித்தவர்கள் தண்ணீர்ப் பஞ்சத்திலிருந்து தப்பித்தார்கள். மற்றவர்கள் ஆயிரம் அடி போர் போட்டும் காற்றைத்தான் பார்த்தார்கள்.

என்னை உறுத்தியது பிளாஸ்டிக். 200 மைக்ரான் கூரை ஷீட் மூன்று நாலு வருடத்தில் வெயிலில் மங்கிவிடும். இறக்கும்போது அப்பளம் மாதிரி நொறுங்கும். துண்டுகள் பறந்துபோய்ப் பக்கத்து ராகிக் காட்டில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காட்டுக்காரர் ஒருநாள் ஒரு கோணி நிறையப் பொறுக்கிவந்து என் வாசலில் கொட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். மொட்டுக்கு மாட்டுகிற வலைத்தொப்பிகளும் அதில் கிடந்தன.

லதா, கோவை: பூக்கடை வைத்திருக்கிறேன். முள் கிள்ளும்போது மருந்து கையில் ஒட்டுமா?

ஒட்டும். பூ சாப்பாட்டுப் பொருள் இல்லையே. அதனால் மருந்து இவ்வளவுதான் மிச்சம் இருக்கலாம் என்று காய்கறிக்கு உள்ளதுபோன்ற எச்ச வரம்பு ஐரோப்பாவில்கூட இதற்கு இல்லை. பெல்ஜியத்தில் 90 பூங்கொத்துகளைச் சோதித்தபோது 107 மருந்துகள் அகப்பட்டன. குடிலுக்குள் காற்றோட்டம் குறைவு. சாம்பல் நோய்க்கும் சிவப்புச் சிலந்திக்கும் மாற்றி மாற்றி அடிப்போம், மறுநாள் விடிந்ததும் பெண்கள் உள்ளே போய்ப் பறிப்பார்கள். முதல் இரண்டு வருடம் எனக்கு அது உறைக்கவே இல்லை. நீங்கள் கையுறை போடுங்கள். அதே கையோடு டீ குடிக்காதீர்கள்.

செந்தில், திருச்சி: மணமேடை அலங்காரத்துக்குப் பூ குத்துகிற பச்சை ஸ்பாஞ்ச் வாங்கலாமா?

வேண்டாம். அதுவும் பிளாஸ்டிக்தான், பினால் ஃபார்மால்டிஹைடு. மக்காது, பொடிப்பொடியாகித் தண்ணீரில் கலக்கும். வாழைத்தண்டைத் துண்டு போட்டு அதில் குத்துங்கள். ஈரம் அதிலேயே இருக்கும், ஒருநாள் கல்யாணத்துக்குத் தாராளம். முடிந்ததும் தண்டை மாட்டுக்குப் போடலாம். ஆனால் ரோஜாவை ஒன்றுவிடாமல் பிடுங்கிவிட்டு.