அணுகல்தன்மை (செயலியையும் தளத்தையும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பது) பற்றிக் கேட்டவையும் பதில்களும்

கேள்வி: எங்கள் செயலியில் பார்வையற்ற பயனர் யாருமே இல்லை. பிறகு எதற்கு இந்த வேலை?

பதில்: வந்த பார்வையற்றவருக்கு உள்நுழைவுத் திரையிலேயே ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) "பெயரில்லாத பட்டன்" என்று மட்டும் சொன்னால், அவர் செயலியை நீக்கிவிட்டுப் போய்விடுவார். வந்துபோன தடமே உங்கள் கணக்கில் இருக்காது. உலகில் ஆறில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க உடல் அல்லது மனக் குறைபாடு உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கேள்வி: எழுத்துக்கும் பின்னணிக்கும் எவ்வளவு ஒளிர்வு வேறுபாடு வேண்டும்?

பதில்: இணைய அணுகல்தன்மைத் தரநிலைப்படி (WCAG) சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளைப் பின்னணியில் #777777 சாம்பல் தேறாது. #767676 தேறும்.

கேள்வி: குறைகளைத் தானே திருத்தும் ஒரு வரி ஸ்கிரிப்ட்டைத் தளத்தில் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடுமாமே?

பதில்: ஆகாது. "பணம் செலுத்து" பட்டனை வெறும் டிவ்வில் (பட்டன் என்று அடையாளம் இல்லாத பொதுவான HTML பெட்டியில்) கட்டியிருப்பார்கள். மவுஸுக்கு வேலை செய்யும், டேப் அழுத்தினால் தாண்டிப் போகும். அது எதற்கான பட்டன் என்று அந்த ஸ்கிரிப்ட் ஊகிக்கத்தான் முடியும். எந்தத் தளத்தையும் தரநிலைக்குக் கொண்டுவரும் என்று இப்படியொரு கருவியை விற்ற அக்சஸிபி நிறுவனத்தை, அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025இல் 10 லட்சம் டாலர் கட்டவைத்தது.

மறுகேள்வி: ஒன்றுமே இல்லாததற்கு அது மேல் அல்லவா? சின்னக் குழு, ஆளில்லை.

பதில்: ஒப்புக்கொள்ள மாட்டேன். குரலையும் வேகத்தையும் தனக்கேற்ப அமைத்துக்கொண்டவரின் கருவியில் அது குறுக்கிடுகிறது. டிவ்வுக்குப் பதில் பட்டன் டேக் போட ஆள் எதற்கு? டேப், என்டர், ஸ்பேஸ் மூன்றும் தானாக வரும்.

இன்னொருவர்: வாடிக்கையாளர் கேட்கவில்லையே?

பதில்: கடவுச்சொல்லைப் பத்திரமாகச் சேமிக்கச் சொல்லியும் அவர் கேட்டிருக்க மாட்டார். செய்கிறீர்கள், ஏனென்றால் செய்யாவிட்டால் பாதிக்கப்படுவது வேறொருவர். இதுவும் அதே பொறுப்புதான்.

கேள்வி: தானியங்கிச் சோதனையில் 100 வாங்கிவிட்டோம். போதுமா?

பதில்: போதாது. படத்துக்கு மாற்று உரை (படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதைச் சொல்லும் எழுத்து) இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். அங்கே "படம் 1" என்றிருந்தாலும் விட்டுவிடும். மவுஸைக் கழற்றிவிட்டு விசைப்பலகையால் மட்டும் ஓட்டிப் பாருங்கள். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம், நிறுவிக் கேளுங்கள். பிறகு ஸ்கிரீன் ரீடரை அன்றாடம் பயன்படுத்துபவரிடம் உங்கள் தளத்தைக் கொடுங்கள், அவருக்கு ஊதியமும் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் தளத்துக்கு அப்படிப்பட்டவர்கள் வருவதில்லை...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.





கேள்வி: மாற்று உரையை ஏஐ எழுதினால்?

பதில்: முதல் வரைவுக்குச் சரி. வரைபடத்தைப் பார்த்து "நீலக் கோடு மேலே போகிறது" என்று எழுதும். வாசகருக்கு வேண்டியதோ, எது எந்த ஆண்டில் எவ்வளவு ஏறியது என்பது. அதை நீங்கள் திருத்துங்கள். மறுபடியும் சொல்கிறேன், வெளியிடும் முன் பயன்படுத்துபவரிடம் கொடுத்துக் கேளுங்கள்.