பை ஜீரோவில் 4ஜி டாங்கிள் அடிக்கடி அறுந்தால்

ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கணினியில், அடாப்டர் இல்லாத யுஎஸ்பி ஹப் (ஒரு போர்ட்டைப் பலதாகப் பிரிக்கும் பெட்டி) வழியாக 4ஜி டாங்கிளை (சிம் போட்டு நெட் தரும் யுஎஸ்பி குச்சி) மாட்டினால் நெட் அடிக்கடி அறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். தனி அடாப்டர் உள்ள ஹப்புக்கு மாறுங்கள். கீபோர்டையும் சேர்த்து மாட்டினால்தான் நெட் அறுகிறது என்கிறீர்கள். அப்படியானால் சிம், ஏபிஎன் (சிம் நிறுவனத்தின் நெட் இணைப்புக்கான அமைப்பு) எல்லாம் சரி, அவற்றை நோண்ட வேண்டாம்.

ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூவில் டேட்டாவுக்கு இருப்பதே ஒரு மைக்ரோ யுஎஸ்பி போர்ட். அடாப்டர் இல்லாத ஹப் அதிலிருந்துதான் எல்லாவற்றுக்கும் மின்சாரம் உறிஞ்சுகிறது. சிக்னல் மோசமான இடத்தில் டாங்கிள் மட்டுமே 500 மில்லிஆம்பியரைத் தாண்டக்கூடும். மின்னழுத்தம் சரிந்ததும் டாங்கிள் ரீசெட் ஆகிவிடும்.

ஹப்பைக் கழற்றிவிட்டு, ஓடிஜி கேபிளில் (மைக்ரோ யுஎஸ்பி போர்ட்டில் சாதாரண யுஎஸ்பி சாதனத்தை மாட்ட உதவும் கேபிள்) டாங்கிளை மட்டும் மாட்டிப் பாருங்கள். வேறு கணினியிலிருந்து வைஃபை வழியாகப் பைக்குள் நுழைந்து டிமெசெக் (dmesg, கணினியின் பதிவுச் செய்திகளைக் காட்டும் கட்டளை) ஓட்டுங்கள். அப்போதும் 'டிஸ்கனெக்ட்' வந்தால் கேபிளையும் பையின் அடாப்டரையும் (5 வோல்ட், 2.5 ஆம்பியர் வேண்டும்) சந்தேகியுங்கள்.

அப்புறம், சில மலிவு ஹப்கள் மின்சாரத்தைப் பைக்கே திருப்பித் தள்ளும். பையின் அடாப்டரைப் பிடுங்கியும் அதன் எல்இடி எரிந்தால் அந்த ஹப் வேண்டாம்.