ஒளிப்படக் கேள்வி–பதில்: பள்ளத்தாக்கின் ஆழம் படத்தில் ஏன் விழுவதில்லை?

கேள்வி: காசிமேடு துறைமுகத்தில் விடியற்காலைப் படங்கள் எடுத்துப் பழகியவன் நான். சென்ற கோடையில் அரிசோனாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது, கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பிலிருந்து நிறையப் படங்கள் எடுத்தேன். நேரில் கால் கூசிய அந்த ஆழம், படத்தில் தட்டையான பழுப்பு நிறமாக வந்திருக்கிறது. இன்னும் அகலமான லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: வாங்க வேண்டாம், கையிலிருக்கும் அகல லென்ஸே உங்கள் சிக்கலுக்குப் பாதிக் காரணமாக இருக்கக்கூடும். அந்தப் பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளமும், மிக அகன்ற இடத்தில் 29 கிலோமீட்டர் அகலமும், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆழமும் உடையது. எதிர்விளிம்பு அவ்வளவு தொலைவில் இருக்கும்போது, அகல லென்ஸ் அதை ஒரு மெல்லிய பட்டையாகச் சுருக்கிவிட்டு, மீதி இடத்தை வெறும் வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. தொலைவிலுள்ளதை நெருக்கிக் காட்டும் 70–200 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டி, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் பாறை மேடுகளில் நான்கைந்தை மட்டும் சட்டகத்துக்குள் கொண்டுவாருங்கள். இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால், அருகிலுள்ள மேடு அடர்ந்தும் அடுத்தடுத்தவை வெளிறி நீலம் பாய்ந்தும் தெரியும். பார்ப்பவருக்கு ஆழத்தை உணர்த்துவது அந்தப் படிநிலைதான்.

மறுபாதிக் காரணம், சூரியனை நோக்கியே கேமராவைத் திருப்பும் கடற்கரைப் பழக்கமாக இருக்கலாம். காசிமேட்டில் கடலிலிருந்து எழும் சூரியனும் அதன் முன்னால் கருநிழலாகப் போகும் படகுகளுமே படம். பள்ளத்தாக்கிலோ சூரியன் எதன்மேல் விழுகிறது என்பதே படம். தெற்கு விளிம்பில் நிற்பவர் பெரும்பாலும் வடக்கே பார்க்கிறார். ஆகவே காலையிலும் மாலையிலும் ஒளி பக்கவாட்டில் வந்து, ஒவ்வொரு மேட்டின் ஒரு புறத்தை ஒளிரவைத்து மறுபுறத்தை நிழலில் விடுகிறது. உச்சிவெயிலில் இந்த நிழல்கள் சுருங்கிவிடுவதால் சுவர்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியதுபோல் ஆகிவிடும். சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்வது பெரும்பாலும் அந்த வேளையில்தான் என்பது வேறு கதை.

பள்ளத்தாக்கினுள் நீண்டு நிற்கும் ஹோப்பி பாயின்டிலிருந்து கிழக்கும் மேற்கும் தெரியும் என்பதால், ஒரே இடத்தில் இரு வேளையும் எடுக்கலாம். மார்ச் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே செல்லும் சாலையில் சொந்த வண்டிகளை விடமாட்டார்கள். இலவசப் பேருந்தில்தான் போக வேண்டும், ஆகையால் முதல் பேருந்தின் நேரத்தை முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து யூட்டா மாநிலத்துக்கும் போவதாக இருந்தால், கோடையில் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் என்பதை நினைவில் வையுங்கள். அரிசோனாவின் பெரும்பகுதி கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை.

செம்பாறையில் மாலை வெயில் படும்போது, ஹிஸ்டோகிராமில் (படத்தின் ஒளி அளவைக் கேமரா காட்டும் வரைபடம்) மற்ற நிறங்களுக்கு முன்பாகச் சிவப்பே எல்லையைத் தாண்டும். எனவே மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, தேவையானால் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) சற்றுக் குறைத்து, ரா கோப்பாகவே (கேமரா சுருக்காத மூலத் தரவாக) எடுங்கள். ஒயிட் பேலன்ஸை, அதாவது ஒளிக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, தானியங்கியில் விட்டால் அந்தச் செம்மையைக் கேமராவே குறையென்று கருதிக் கழுவிவிடக்கூடும். பகல் ஒளி அமைப்பில் நிறுத்துங்கள். சூரியன் மறைந்தவுடன் முக்காலியை மடிக்கும் கூட்டத்தோடு கிளம்பிவிடாமல், இன்னும் அரை மணி நேரம் இருந்து பாருங்கள். நிழல்கள் கடுமை குறைந்து, அதுவரை இருளில் கிடந்த அடிச்சுவர்களின் அடுக்குகளும் தெரியத் தொடங்கும். விளிம்பின் பெரும்பகுதியில் தடுப்புக் கம்பி கிடையாது; வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி ஓரடிகூட நகராதீர்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரமான இடம் என்பதால் விடியற்காலைக் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்றுப் பேட்டரியைச் சட்டைப்பையில் உடல் சூட்டில் வைத்திருங்கள்.

கேள்வி: பள்ளத்தாக்குப் படங்களுக்கு போலரைசர் ஃபில்டர் அவசியமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: அவசியமில்லை, உதவும். லென்ஸின் முன்னால் மாட்டும் இந்த வடிகட்டி, சூரியனுக்குச் செங்குத்தான திசையில் மூட்டத்தை நன்றாகக் குறைக்கும். ஆனால் அகல லென்ஸோடு சேர்த்தால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாகத் தெரியும். மேலே சொன்ன நீலப் படிநிலையே உங்களுக்கு வேண்டுமென்றால், கழற்றிவிடுவதே நல்லது.

கேள்வி: அமெரிக்கா போகும் வசதி எனக்கில்லை. பழகுவதற்கு நம் பக்கத்தில் இடம் உண்டா?
– கல்லூரி மாணவர், திருவொற்றியூர்

பதில்: உண்டு. ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், சென்னையிலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தொலைவில், பெண்ணாறு பாறையை அறுத்துக்கொண்டு ஓடும் கண்டிக்கோட்டை இருக்கிறது. அது பாலைவனம் அல்ல, அளவிலும் சிறியது. ஆனால் செந்நிறப் பாறை அடுக்குகள், ஒரே சட்டகத்தில் வெயிலும் ஆழ்ந்த நிழலும், கம்பியில்லாத விளிம்பு எல்லாம் அங்கும் உண்டு. எதிர்ச்சுவர் அருகிலேயே இருப்பதால், அமெரிக்கப் பள்ளத்தாக்குக்கு மாறாக, இங்கே அகல லென்ஸ் நன்றாகவே பயன்படும். கோடையின் பகல் வெயிலைத் தவிர்த்து, மழைக்காலம் முடிந்தபின் போங்கள். இரவு அங்கேயே தங்கினால்தான் விடியுமுன் விளிம்புக்குப் போய்ச் சேர முடியும். ஆந்திர சுற்றுலாத் துறையின் விடுதி ஒன்று அங்கு உள்ளது.