வெப்ப அலை மரணம்: 4 லட்சம் நிவாரணம் எந்தத் தாளில் தடைபடுகிறது?

கேள்வி: கட்டட வேலைக்குப் போன என் சித்தப்பா மே மாத மதிய வெயிலில் சுருண்டு விழுந்தார். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்த சற்று நேரத்தில் இறந்துவிட்டார். காரணம் 'மாரடைப்பு' என்று எழுதிவிட்டார்கள். சித்திக்கு நிவாரணம் கிடைக்குமா?

பதில்: கேட்க வழி இருக்கிறது. 2022–26 காலத்துக்கான மத்திய விதிமுறையில் புயல், வெள்ளம், வறட்சி என 12 பேரிடர்கள்தான் இருந்தன. வெப்ப அலை இல்லை. ஆனால் மாநில பேரிடர் நிவாரண நிதியின் ஆண்டு ஒதுக்கீட்டில் 10 சதவீதம் வரை, மாநிலமே அறிவிக்கும் உள்ளூர்ப் பேரிடர்களுக்குச் செலவிடலாம். தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை அப்படி அறிவித்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய்.

சிக்கல் பணத்தில் இல்லை, காரணச் சான்றில் இருக்கிறது. விழுந்த நேரத்தில் உடல் வெப்பம் 40.6 டிகிரி செல்சியஸ் (105 பாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல் இருந்தால் வெப்பத்தாக்கு மரணம் என்று சான்றளிக்க மருத்துவருக்கு வலுவான அடிப்படை கிடைக்கும். பல இடங்களில் அதை அளப்பதே இல்லை. பிரேதப் பரிசோதனையிலும் வெப்பத்துக்கென்று தனி அடையாளம் பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் சம்பவச் சூழல் பற்றிய சாட்சியம் இவ்வளவு முக்கியம்.

முதலில் ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டின் நகல் கேளுங்கள். சேர்த்தபோது எடுத்த வெப்பநிலை, உளறல், வலிப்பு, நினைவிழப்பு குறித்த பதிவுகள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 108இல் கொண்டுபோயிருந்தால் அந்தப் பதிவும் தேவை. ஈரத்துணி போட்டது, தண்ணீர் தெளித்தது, எத்தனை மணிக்கு விழுந்தார், நிழல் இருந்ததா என்பதை உடன் வேலை செய்தவர்களிடம் எழுதி வாங்குங்கள். வானிலை ஆய்வு மையத்தின் அன்றைய அதிகபட்ச வெப்பநிலையையும் சேருங்கள். கடலோரத்தில் புழுக்கமே ஆளைக் கொல்லும், தெர்மாமீட்டர் 40ஐத் தொடாமலே. ஈரப்பத அளவையும் விடாதீர்கள்.

இவற்றைக் காட்டி, காரணத்தை மறுபரிசீலனை செய்யும்படி சிகிச்சை அளித்த மருத்துவரிடம் எழுத்தில் கேளுங்கள். பிறகு வி.ஏ.ஓ. அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சித்தியின் வங்கிக் கணக்கு விவரத்துடன் வட்டாட்சியரிடம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். போலீசில் பதிவு செய்திருந்தால் எப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை நகல்களும் வேண்டும். மனு நகராவிட்டால் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் அந்த ஒப்புகையைக் காட்டுங்கள்.

அவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் அங்கே தனி விண்ணப்பம் போட வேண்டும்.