முடுக்கின் அமைதி

மதிப்பிற்குரிய ஐயா,

கணவரின் பணிமாற்றத்தால் கோயம்புத்தூரிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. வடசேரியில், பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு முடுக்கில், அதாவது குறுகிய சந்தில், குடியிருக்கிறோம். இரவு ஒன்பது மணிக்கு மேல் சுவர்க்கோழிச் சத்தம் மட்டுமே கேட்கும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது, நான் யாரிடமும் சொல்லாமலே, எதிர்வீட்டு அம்மா கஞ்சியும் பயறும் கொண்டுவந்தார். அதே அம்மா மறுவாரம், "சாரு ரெண்டு நாளா ராத்திரி வீட்டுல சாப்பிடலியோ?" என்று கேட்டார். இன்னொருவர் "நீங்க எந்த ஆளு?" என்றார். கடைசி வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தோடு யாரும் பேசுவதில்லை; காரணம் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். இது அக்கறையா, வேவா? இங்கேயே வீடு வாங்கலாம் என்கிறார் கணவர். எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அடுக்களையில் காலையில் பாத்திரச் சத்தம் எழவில்லை என்பதை அந்த அம்மா கவனித்ததால்தான் கஞ்சி வந்தது. அந்தக் கவனம்தான் உங்கள் கணவரின் இரவுச் சாப்பாட்டையும் கண்டது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விலக்க முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை.

நான் கோட்டாறில் ஒரு முடுக்கில் வளர்ந்தவன். எங்கள் வீட்டு ஓட்டில் விழும் மழை பக்கத்து வீட்டு முற்றத்தில்தான் இறங்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளும் பெய்கிற இந்த மாவட்டத்தில், அண்டை வீட்டாரோடு பேசாமல் ஒரு வருடத்தைக் கடத்துவது எங்களுக்கு முடியாத காரியமாக இருந்தது. முடுக்கில் ஒரு சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை எந்த வீட்டிலும் வானொலி பாடாது. துட்டி வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் காப்பியும் கஞ்சியும் பக்கத்து வீடுகளிலிருந்து போகும். டிசம்பர் 3 அன்று நிறைவுறும் சவேரியார் கோயில் திருவிழாவுக்கு வரும் விருந்தாளிகள், இந்து வீடுகளின் படிப்புரைத் திண்ணைகளிலும் படுத்துறங்குவார்கள். நீங்கள் இரவில் கேட்கும் அமைதி தானாக வந்ததன்று. ஒருவருக்காக மற்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தலைமுறைகளாகப் பழகிப் பழகி உண்டாக்கியது.

ஆனால் "எந்த ஆளு" என்ற கேள்வியை இந்தக் கணக்கில் நான் சேர்க்கமாட்டேன். சாதி சாதியாகத் தெரு பிரித்து வாழ்ந்த ஊர்கள் இவை. 1926இல் சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே மக்கள் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் கோயில் கதவுகளைத் திறந்தது. வாடகை வீட்டின் கதவை எந்தப் பிரகடனமும் திறக்கவில்லை. என் சிறுவயதில், எங்கள் முடுக்குக்கு வீடு கேட்டு வந்த ஓர் ஆசிரியரை இந்தக் கேள்வியைக் கேட்டே திருப்பி அனுப்பினார்கள். கையில் குடையோடு அவர் முக்கு திரும்பும்வரை என் அப்பா படிப்புரையில் பேசாமல் அமர்ந்திருந்தார். நெருக்கமான தெரு என்று யாராவது பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் அந்தக் குடை எனக்கு நினைவுக்கு வருகிறது.

எனவே, சாப்பாட்டைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். "அலுவலகத்தில் வேலை அதிகம்" என்ற ஒரு வரி போதும், அந்த அம்மாவின் மனம் ஆறிவிடும். சாதியைக் கேட்டவருக்குச் சொல்லாதீர்கள், இரண்டாம் முறை கேட்டாலும் சொல்லாதீர்கள். கோபப்படவும் வேண்டாம், சொல்ல விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்னால் போதும்.

வீடு வாங்குவதைப் பற்றி: உங்கள் வீட்டுச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போக மனம் ஒப்புமானால் வாங்குங்கள். ஒப்பாவிட்டால், புதிய குடியிருப்புப் பகுதிகளில் சுற்றுச்சுவர் வைத்த தனி வீடுகள் நிறைய இருக்கின்றன. அதில் குறை ஒன்றும் இல்லை.

அதற்கு முன்பு, அந்தக் கடைசி வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். சக்கைப்பழக் (பலாப்பழக்) காலம் இது. எதிர்வீட்டில் பழம் அறுத்தால் உங்களுக்கும் ஒரு பங்கு வராமல் இருக்காது. அதில் பத்துச் சுளைகளை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி, மாலை நேரத்தில் போங்கள்.